ஆலைச் சம்பளத்தின் சராசரி: உள்ளே யார், வெளியே யார்?

கோவை கணபதியில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு லேத்துப் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு பேர் ஹெல்ப்பர்கள், ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய். மற்ற நான்கு பேரும் கைதேர்ந்த டர்னர்கள், ஆளுக்கு 30,000. மொத்தச் சம்பளம் 1,92,000. பத்தால் வகுத்தால் சராசரி 19,200 வரும். ஆர்டர் குறைகிறது. ஹெல்ப்பர்களில் மூன்று பேரை, “வேலை வந்ததும் கூப்பிடறேன்பா” என்று முதலாளி அனுப்பிவிடுகிறார். இப்போது ஏழு பேருக்கு 1,56,000. சராசரி 22,286. ஒரே மாதத்தில் 16 சதவீதம் ஏறிவிட்டது. யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, மூன்று வீடுகளில் சம்பளமே நின்றுபோயிருக்கிறது.

நான் போட்டது கற்பனைக் கணக்கு. அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் இது நிஜமாகவே நடந்தது. கொரோனா முடக்கத்தால் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 2 கோடிக்கும் அதிகமான வேலைகள் போயின. அதே மாதம் தனியார் துறை ஊழியர்களின் சராசரி மணிநேரச் சம்பளம் 1.34 டாலர் கூடி 30.01 டாலரைத் தொட்டது. சாதாரண காலத்தில் ஒரு மாதத்துக்குச் சில சென்ட் ஏறினாலே செய்தி. ஓட்டல், கடை என்று குறைந்த சம்பள வேலையில் இருந்தவர்கள் பெருமளவில் வேலை இழந்ததே இதற்குக் காரணம் என்று அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையும் அறிக்கையிலேயே சொன்னது. சொல்லாமல் விட்டிருந்தால், வரலாறு காணாத வேலையிழப்பு நடந்த மாதத்துக்கு வரலாறு காணாத சம்பள உயர்வு என்று தலைப்புப் போட்டிருப்பார்கள்.

ஆலைத் தொழிலாளரின் சராசரி வருமானம் என்ற எண்ணைப் பொருளாதாரச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். என்னைக் கேட்டால், அந்த எண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது ‘எவ்வளவு’ என்று அல்ல, ‘உனக்குள் யார் யார் இருக்கிறார்கள்’ என்று.

ஏன் குறிப்பாக ஆலைத் தொழிலாளர்? பாதிக் காரணம் வசதி. ஆலைக்கு ஒரு கேட் இருக்கிறது, வருகைப் பதிவேடு இருக்கிறது, சம்பளப் பட்டியல் இருக்கிறது. விவசாயக் கூலியையோ தெருவோர வியாபாரியையோவிட எண்ணுவது சுலபம். மீதிப் பாதி, அந்த எண்ணால் ஆகும் வேலை. தொழிலாளி கையில் எவ்வளவு புழங்குகிறது என்பதிலிருந்து கடைவீதி விற்பனையை ஊகிக்கலாம். ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு கூலி பிடிக்கிறது என்பதிலிருந்து நாளை அதன் விலை எங்கே போகும் என்று பார்க்கலாம். சம்பளம் 10 சதவீதம் ஏறியும், ஒரு ஆள் செய்யும் உற்பத்தி 12 சதவீதம் ஏறியிருந்தால், பொருளுக்கான கூலிச் செலவு உண்மையில் இறங்கியிருக்கிறது. முதலீட்டாளர்கள் எந்த நாட்டில் ஆலை போடலாம் என்று பார்க்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தேதான் பார்ப்பார்கள்.

இந்தியாவில் இதற்கு முதன்மையான ஆதாரம், தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் நடத்தும் தொழிற்சாலைகளின் கணக்கெடுப்பு. ஏ.எஸ்.ஐ. என்பார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் இதைக் கவனிக்கத் தனிக் காரணமே உண்டு: தொழிற்சாலைகளின் எண்ணிக்கையிலும் அங்கே வேலை செய்பவர்களின் எண்ணிக்கையிலும் நாட்டில் முதலிடம் நமக்குத்தான். இரண்டிலுமே ஏறத்தாழ 15 சதவீதம். அதாவது அகில இந்திய சராசரி என்று வரும் எண்ணில் ஏழில் ஒரு பங்கு ஆட்கள் அம்பத்தூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருப்பவர்கள்.

இந்தக் கணக்கெடுப்பின் படிவத்தில் ‘இ’ என்றொரு பகுதி உண்டு. வேலைவாய்ப்பும் கூலிச் செலவும் அங்கேதான் எழுதப்படும். நேரடியாக வேலைக்கு எடுத்த ஆண்கள், பெண்கள், காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள், மேற்பார்வையாளர்களும் மேலாளர்களும், மற்ற ஊழியர்கள் என்று வரிசை வரிசையாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் எத்தனை ஆள்நாள் (ஓர் ஆள் ஒரு நாள் பார்க்கும் வேலை ஓர் ஆள்நாள்) வேலை நடந்தது, எத்தனை ஆள்நாளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், மொத்தம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நிரப்ப வேண்டும். சராசரி ஆட்களின் எண்ணிக்கையைத் தலையை எண்ணிப் போடுவதில்லை. மொத்த ஆள்நாளை, ஆலை ஓடிய நாட்களால் வகுத்துப் போடுகிறார்கள். பதினைந்து நாள் ஒருவர், மீதிப் பதினைந்து நாள் அவருக்குப் பதிலி ஒருவர் என்று வந்திருந்தால், கணக்கில் அது ஒரே ஆள். மில் வேலையை அறிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். கணக்கில் ஓர் ஆளின் சம்பளமாக வருவது, நிஜத்தில் இரண்டு வீட்டு அடுப்புக்குப் பிரிந்து போயிருக்கலாம்.

இன்னொரு விஷயம், ஒரே அறிக்கையில் இரண்டு விதமான சராசரி கிடைக்கும். தொழிலாளர்களின் கூலியைத் தொழிலாளர்களால் வகுப்பது ஒன்று. மேலாளர் முதல் எல்லோரும் வாங்கியதை எல்லோராலும் வகுப்பது மற்றொன்று. இரண்டாவது எப்போதும் பெரிய எண்ணாக இருக்கும். செய்தியில் எது வருகிறது என்று பார்க்காமல் படித்தால், ஜெனரல் மேனேஜரின் சம்பளத்தில் ஒரு துளி ஹெல்ப்பரின் கணக்கிலும் சேர்ந்துவிடும்.

காண்ட்ராக்ட் வரிசையில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2000ஆம் ஆண்டு வாக்கில் பதிவு பெற்ற ஆலைத் தொழிலாளர்களில் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள் ஐந்தில் ஒருவர். இப்போது ஐந்தில் இரண்டு பேர், அதாவது 40 சதவீதத்துக்கு மேல். இது சராசரியை என்ன செய்யும் என்பதற்கு மறுபடி ஒரு மனக்கணக்கு. நூறு பேர் உள்ள ஆலையில் 80 பேர் நிரந்தரம், சம்பளம் 30,000. 20 பேர் காண்ட்ராக்ட், 15,000. சராசரி 27,000. சில ஆண்டுகள் கழித்து எல்லோருக்கும் 10 சதவீதம் உயர்வு கிடைத்திருக்கிறது: நிரந்தரத்துக்கு 33,000, காண்ட்ராக்டுக்கு 16,500. ஆனால் ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்குக் காண்ட்ராக்ட் ஆட்களையே எடுத்ததால் இப்போது 60 பேர் நிரந்தரம், 40 பேர் காண்ட்ராக்ட். சராசரி 26,400. ஒவ்வொருவரின் சம்பளமும் ஏறியிருக்கிறது, சராசரி இறங்கியிருக்கிறது. பட்டறைக் கணக்குக்கு நேர் எதிர். தொழிற்சங்கக்காரர் இந்த எண்ணைக் காட்டி “சம்பளம் குறைந்துவிட்டது” என்பார். நிர்வாகம் “எல்லோருக்கும் கூட்டிக் கொடுத்திருக்கிறோமே” என்று சொல்லும். இருவர் சொல்வதும் உண்மைதான்.

சரி, சம்பளம் என்பதில் எதையெல்லாம் சேர்க்கிறார்கள்? வாகன உதிரிபாக ஆலையொன்றில் வேலை செய்யும் உறவுக்காரப் பையன் ஒருவனின் சம்பள ரசீதைப் பார்த்தேன். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 11,200. வீட்டு வாடகைப்படி 2,400. இதர படிகள் 1,400. ஆக 15,000. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்த 16 மணி நேர ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி, 2,308. மொத்தம் 17,308. பிடித்தத்தில் பி.எஃப். 1,344, இ.எஸ்.ஐ. 130, கேன்டீன் 450. கைக்கு வந்தது 15,384.

இதில் அவனுடைய வருமானம் எது? பெண் பார்க்கப் போன இடத்தில் மாமா சொன்னது 17,000. அவன் அம்மாவுக்குத் தெரிந்தது 15,000. நிர்வாகத்தைக் கேட்டால், முதலாளி பங்காகக் கட்டும் பி.எஃப்.பையும் இ.எஸ்.ஐ.யையும் தீபாவளி போனஸையும் சேர்த்து 20,000க்குப் பக்கத்தில் சொல்லும். ஏ.எஸ்.ஐ. எடுத்துக்கொள்வது பிடித்தத்துக்கு முந்தைய 17,308ஐ, ஓ.டி. உட்பட. முதலாளியின் பி.எஃப். பங்குக்குத் தனிக் கட்டம். போனஸும் தனியாகக் கேட்கப்பட்டு, மொத்த ஊதியம் என்று சொல்லும்போது சேர்க்கப்படும்.

அந்த 2,308 ரூபாயைக் கவனியுங்கள். ஆலைக்கு ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது ஓ.டி.தான். யாரையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டாம், யார் சம்பள விகிதத்தையும் தொட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பையனின் மாத வருமானத்தில் 13 சதவீதம் காணாமல் போகும். ஆட்குறைப்பு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே இது தெரிந்துவிடும். அமெரிக்காவில் பொருளாதாரம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதை முன்கூட்டிச் சொல்வதற்காக கான்ஃபரன்ஸ் போர்டு என்ற அமைப்பு ஒரு கூட்டுக் குறியீடு வெளியிடுகிறது. அதில் ஆலைத் தொழிலாளரின் சம்பளம் இல்லை, அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பது இருக்கிறது. அங்கே ஆலைகளின் மணிநேரச் சம்பளத்தை ஓ.டி. சேர்த்து ஒன்று, நீக்கி ஒன்று என இரண்டாக வெளியிடுவதும் இதனால்தான். வேலைகளின் கலவை மாறுவதால் வரும் மயக்கத்தைத் தவிர்க்க, ஒவ்வொரு வகை வேலைக்கும் எடையை நிலையாக வைத்துக் கணக்கிடும் வேலைச் செலவுக் குறியீடு என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள்.

நமக்கு அந்த வசதி குறைவு. ஏ.எஸ்.ஐ. ஆண்டுக்கொரு முறை வருவது, அதுவும் தாமதமாக. 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் முடிவுகள் 2025 ஆகஸ்டில் வந்தன. பதினேழு மாதம். சம்பள ஒப்பந்தம் பேசப் போகிறவருக்கு அது பழைய காலண்டர்.

ஆனாலும் அந்த 2023-24 முடிவுகள் படிக்க வேண்டியவை. ஆலைகளில் வேலை செய்வோர் எண்ணிக்கை ஏறத்தாழ 5.9 சதவீதம் கூடி 1.95 கோடியைத் தாண்டியது. தலைக்குச் சராசரி ஊதியம் 5.6 சதவீதம் கூடியது. ஆலைகள் உருவாக்கிய மதிப்புக்கூட்டல், அதாவது மூலப்பொருள் முதலான செலவு போக அவை புதிதாகச் சேர்த்த மதிப்பு, 11.9 சதவீதம் கூடியது. அறிக்கையில் மூன்றும் வளர்ச்சி என்றே எழுதப்பட்டிருந்தன, தப்பில்லை. ஆனால் அதே நிதியாண்டில் நாட்டின் சில்லறை விலைவாசி உயர்வு சராசரியாக 5.4 சதவீதம். 5.6இல் 5.4 போனால் மிஞ்சுவது 0.2. நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர், ஓராண்டு உழைத்து, அடுத்த ஆண்டு நூறு ரூபாய் இருபது காசுக்கு வாங்கலாம். மதிப்புக்கூட்டல் ஏறியதில் தொழிலாளர் பங்கு குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. ஆட்கள் 5.9, சம்பளம் 5.6 என்றால் மொத்தச் சம்பளப் பட்டுவாடா சுமார் 11.8 சதவீதம் ஏறியிருக்க வேண்டும், கிட்டத்தட்ட மதிப்புக்கூட்டலின் வேகத்தில். ஏறிய பணம் புதிதாக வந்த ஆட்களுக்குப் போயிருக்கிறது. ஏற்கெனவே இருந்தவரின் கையில் தங்கியது சொற்பம்.

விலைவாசியைக் கழிக்கிறோம் என்றால் எந்த விலைவாசி என்ற கேள்வியும் உண்டு. தொழில்துறைத் தொழிலாளருக்கென்றே ஒரு நுகர்வோர் விலைக் குறியீட்டை மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் லேபர் பீரோ மாதாமாதம் வெளியிடுகிறது. பஞ்சப்படி ஏறுவதும் இறங்குவதும் இதைப் பார்த்துத்தான். சென்னை, கோவை, மதுரை, சேலம், குன்னூர் என்று தமிழ்நாட்டு மையங்களுக்குத் தனித்தனி எண்ணும் உண்டு. 2020 வரை 2001ஐ 100ஆக வைத்துக் கணக்கிட்டார்கள், அப்புறம் 2016க்கு மாற்றினார்கள். பழைய எண்ணோடு ஒப்பிட புதியதை 2.88ஆல் பெருக்க வேண்டும். அடிப்படை ஆண்டு மாறும்போது தொழிலாளி எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார் என்ற கணக்கும் மாறும், உணவின் பங்கு இறங்கும், வீட்டு வாடகையின் பங்கு ஏறும். அதனால்தான் சங்கங்கள் ஒவ்வொரு முறையும் இந்தப் பெருக்கு எண்ணை வைத்துச் சண்டை போடுகின்றன. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் இலக்கத்தில் லட்சக்கணக்கானவர்களின் பஞ்சப்படி இருக்கிறது.

யாரைச் சேர்ப்பது என்பதைச் சட்டமே தீர்மானித்துவிடுவதும் உண்டு. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின்படி ஆலைகள் அனுப்பும் அறிக்கைகளை வைத்தும் லேபர் பீரோ நெடுங்காலம் சராசரி வருமானம் கணக்கிட்டு வந்தது. அந்தச் சட்டமோ ஒரு குறிப்பிட்ட சம்பளத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும்தான் பொருந்தியது. 1982இல் மாதம் 1,600 ரூபாய் என்று வைத்த உச்சவரம்பு, 2005 வரை, அதாவது இருபது ஆண்டுகளுக்கு மேல், அப்படியே இருந்தது. 1982இல் 1,600 நல்ல சம்பளம். 1990களின் கடைசியில் அது வாட்ச்மேன் சம்பளம். ஒருவருக்கு உயர்வு கிடைத்து வரம்பைத் தாண்டினால், அவர் கணக்கிலிருந்தே வெளியேறிவிடுவார். உயர்வு கிடைக்காதவர்கள் மட்டும் சராசரியில் மிஞ்சுவார்கள். நாடு முழுக்கச் சம்பளம் இரட்டிப்பானாலும் இந்தச் சராசரியால் 1,600ஐத் தாண்ட முடியாது. 2005இல் வரம்பு 6,500 ஆனது, பிறகு 10,000, 18,000 என்று போய் 2017இல் 24,000 ஆனது. பழைய வரிசையை வைத்து வரைபடம் போடுபவர்கள் ஒவ்வொரு படிக்கட்டிலும் ஏமாறுவார்கள்.

இதெல்லாம் புள்ளிவிவரக்காரர்களின் உள்வீட்டுப் பிரச்சினை என்று நினைத்தால் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே தொழிலாளர் அமைச்சகம் மாதாமாதம் சம்பளக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எண்ண வேண்டும் என்பது விதி. தோக்கியோவில் அப்படிப்பட்டவை சுமார் 1,400. வேலைப்பளு காரணமாக 2004 முதல் அவற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எண்ணினார்கள். எண்ணாமல் விட்டதற்கு ஈடுகட்டும் திருத்தத்தையும் கணக்கில் செய்யவில்லை. தோக்கியோவின் பெரிய நிறுவனங்கள்தான் நாட்டிலேயே அதிகம் கொடுப்பவை என்பதால், தேசிய சராசரி பல ஆண்டுகள் உண்மையைவிடக் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. வேலையில்லாக் காலக் காப்பீடு, விபத்து இழப்பீடு எல்லாம் இந்தச் சராசரியை வைத்துத்தான் கணக்கிடப்பட்டன. 2019 தொடக்கத்தில் விஷயம் வெளியே வந்தபோது, சுமார் 2 கோடிப் பேருக்கு 5,000 கோடி யென்னுக்கு மேல் குறைத்துக் கொடுத்திருந்தது தெரிந்தது. அதைத் திருப்பித் தருவதற்காக, ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்த பட்ஜெட்டை அமைச்சரவை திருத்தி எழுத வேண்டியிருந்தது.

இதைவிட வேடிக்கை, 2018 ஜனவரியில் அதிகாரிகள் யாருக்கும் சொல்லாமல் திருத்தத்தைப் போட ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஆண்டு முழுக்கச் சம்பளம் வேகமாக ஏறுவதுபோலத் தெரிந்தது. 2018 ஜூனில் 3.3 சதவீதம், 21 ஆண்டுகளில் இல்லாத உயர்வு என்று பேசினார்கள். திரும்பக் கணக்குப் போட்டபோது அது 2.8. வெளியே நின்றவர்களை உள்ளே அழைத்ததால் வந்த உயர்வு அந்த அரை சதவீதம்.

நம் பக்கம் வெளியே நிற்பவர்கள் யார்? மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர். 2025 நவம்பர் வரை இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி குறைந்தது அத்தனை பேர் இருந்தால்தான் தொழிற்சாலை. ஏ.எஸ்.ஐ.யின் பட்டியலும் பெரும்பாலும் அதை ஒட்டியதே. திருப்பூரில் ஒரு சட்டை, கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று போவதற்குள் பதிவு பெற்ற பெரிய ஆலையிலிருந்து சந்துக்குள் இருக்கும் ஐந்து மெஷின் ஜாப் ஒர்க் கூடத்துக்குப் போய்த் திரும்பி வந்துவிடும். அந்தக் கூடத்தில் சனிக்கிழமை மாலை, பீஸ் கணக்குப் பார்த்து எண்ணிக் கொடுப்பார்கள். ஆலையின் ஏடுகளில் அது சம்பளமாக வராது, வெளியே செய்த வேலைக்கான செலவாக வரும். ஆலையின் சராசரியும் அந்தக் கூலியைக் காட்டாது. பதிவு பெறாத சிறு தொழில்களுக்கென்று தனிக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. அதில் கடை, சேவைத் தொழில்களும் சேர்ந்திருக்கும். அங்கே சம்பளத்துக்கு இருப்பவரின் சராசரி 2023-24இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.42 லட்சம், மாதம் 12,000க்குச் சற்றுக் குறைவு.

கணபதிப் பட்டறைக்குத் திரும்பி வருவோம். மூன்று பேரை அனுப்பிய பிறகு அங்கே ஏழு பேர். 1948 சட்டம், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 10 பேர் இருந்திருந்தாலே தொழிற்சாலை என்றது. அதன்படி பட்டியலிலிருந்து உடனே பெயர் போகாது, ஓராண்டு கழித்துப் போகலாம். போனால் அந்த ஏழு பேரின் சம்பளமும் சராசரியை விட்டுப் போகும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்த வரம்பை மின்சாரத்தோடு 20, இல்லாமல் 40 என்று உயர்த்தியிருக்கிறது. அந்த வரையறைப்படி, அனுப்பப்பட்ட மூன்று ஹெல்ப்பர்களும் நாளைக்கே திரும்பி வந்தாலும் அது தொழிற்சாலை ஆகாது. கணக்கெடுப்புப் பட்டியலும் அதையே பின்பற்றினால் இப்படிப்பட்ட சிறு பட்டறைகள் மொத்தமாக வெளியே போகும். பெரிய ஆலைகளின் சம்பளம் மட்டும் மிஞ்சும், அந்த ஆண்டுச் சராசரி ஒரு துள்ளு துள்ளும்.